சேமித்த மின்சாரத்துக்குக் கூலி யார் தருவார்?

அரசு ஒரு திட்டத்தை அறிவிக்கிறது. பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு, குறைந்த மின்சாரத்தில் அதே வேலையைச் செய்யும் புதிய மோட்டாரைப் பொருத்தினால் விலையில் ஒரு பகுதி மானியமாகக் கிடைக்கும் என்கிறது. வாங்குபவருக்கு இலாபம், மின்வாரியத்துக்கு இலாபம், பொருத்திக் கொடுக்கும் ஒப்பந்தக்காரருக்கோ புதிய வேலை. இப்படி எல்லோருக்கும் நன்மை தரும் திட்டத்தில் முதலில் ஓடி வந்து சேர வேண்டியவர் ஒப்பந்தக்காரர்தாமே? ஆனால் நடப்பது வேறு. "மானிய வேலையா? வேண்டாங்க, ரொக்க வேலை இருந்தாச் சொல்லுங்க" என்று அவர் நழுவிவிடுகிறார்.

இதற்குப் பலரும் சொல்லும் காரணம், அவருக்கு விஷயம் தெரியவில்லை என்பது. அல்லது அவருக்குப் பேராசை என்பது. இரண்டும் சரியான விடையல்ல. இந்தத் தயக்கம் இருநூற்றைம்பது ஆண்டுப் பழமை உடையது. நீராவி எந்திரத்தின் வரலாற்றிலேயே இதன் வேர் இருக்கிறது. அங்கே தொடங்கி, திருத்தணி வட்டாரத்துக் கிணற்றடிக்கு வந்து சேர்வோம், வாருங்கள்.

சுரங்க நீரும் மூன்றில் ஒரு பங்கும்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலில் செம்பும் வெள்ளீயமும் வெட்டியெடுக்கப்பட்டன. ஆழம் செல்லச் செல்லச் சுரங்கத்தில் நீர் ஊறும். அதை இறைக்க நியூக்கமன் என்பவர் வடிவமைத்த பழைய வகை எந்திரங்கள் ஓடின. அவை நிலக்கரியை மலைமலையாகத் தின்றன. கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது. வேல்ஸ் நாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஆகவே நீர் இறைக்கும் செலவே சுரங்க முதலாளியின் பெருங்கவலையாக இருந்தது.

1769-இல் ஜேம்ஸ் வாட் தனிக் குளிர்கலத்துக்குக் காப்புரிமை பெற்றார். நீராவியை உருளையிலேயே குளிர்விக்காமல் வேறொரு கலத்தில் குளிர்விப்பதுதான் அதன் சூட்சுமம். உருளை எப்போதும் சூடாகவே இருந்ததால் எரிபொருள் பெருமளவில் மிச்சமாயிற்று. 1775-இல் அவர் மாத்யூ போல்ட்டனுடன் கூட்டுச் சேர்ந்தார். பிரிட்டிஷ் பாராளுமன்றமும் அந்தக் காப்புரிமையை 1800 வரை நீட்டித்தது.

இப்போது அந்தக் கூட்டாளிகள் எந்திரத்துக்கு எப்படி விலை வைத்தார்கள் என்று பாருங்கள். எந்திரத்தின் உறுப்புகளுக்கும் அதை நிறுத்துவதற்கும் ஆகும் செலவைச் சுரங்க முதலாளி ஏற்க வேண்டும். அதற்கு மேல், பழைய எந்திரம் தின்றிருக்கக்கூடிய நிலக்கரியோடு ஒப்பிட்டால் எவ்வளவு மிச்சமோ, அந்த மிச்சத்தின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை ஆண்டுதோறும் போல்ட்டன்–வாட் நிறுவனத்துக்குத் தர வேண்டும். சேமிப்பையே அளவுகோலாக வைத்துக் கூலி வாங்கும் ஏற்பாட்டின் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் இது ஒன்று.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிக்கல் உடனே எழுந்தது. புதிய எந்திரம் தின்ற கரியை எடை போடலாம். பழைய எந்திரம் "தின்றிருக்கக்கூடிய" கரியை எந்தத் தராசில் நிறுப்பது? பழைய எந்திரங்கள் சிலவற்றைச் சோதித்து ஓர் அடிப்படை அளவை வகுத்தார்கள். எந்திரம் எத்தனை முறை அசைந்தது என்று எண்ணும் கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, எந்திரத்தின் தூலத்தில் மாட்டினார்கள். அப்படியும் சண்டை ஓயவில்லை. ஆண்டுகள் போகப் போக, "எங்கள் எந்திரம், எங்கள் கரி, உங்களுக்கு ஏன் கப்பம்?" என்ற மனநிலை சுரங்க முதலாளிகளிடம் வளர்ந்தது. ஆகவே பல இடங்களில் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான தொகைக்கு உடன்பட்டார்கள். 1790-களில் வழக்கு நடந்தபோது பலர் பணம் தருவதையே நிறுத்தி வைத்தார்கள். 1799-இல்தான் தீர்ப்பு இறுதியாக வாட்டுக்குச் சாதகமாக வந்தது. மறு ஆண்டே காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது.

இதிலிருந்து ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். வாட்டின் எந்திரம் கரியை மிச்சப்படுத்தியது உண்மை. யாரும் அதை மறுக்கவில்லை. தகராறெல்லாம் எவ்வளவு மிச்சம், அதற்கு யார் எப்போது பணம் தருவது என்பதைப் பற்றியே. இன்றைய ஒப்பந்தக்காரரின் தயக்கமும் இந்த இரண்டு கேள்விகளில்தான் நிற்கிறது.

நம் கிணற்றடியில் ஒரு கணக்கு

கார்ன்வாலில் இறைத்ததும் நீர். திருத்தணியைச் சுற்றியுள்ள கரும்புத் தோட்டங்களிலும் நெல் வயல்களிலும் இறைப்பதும் நீரே. ஆகவே கணக்கும் ஒன்றுதான்.

ஒரு கிணற்றிலிருந்து வினாடிக்கு 10 லிட்டர் நீரை 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதாகக் கொள்வோம். 10 லிட்டர் நீரின் நிறை 10 கிலோகிராம். அதை உயர்த்தத் தேவையான திறன் 10 × 9.8 × 20 = 1,960 வாட். மோட்டார், பம்பு, குழாய், ஃபுட் வால்வு எல்லாம் சேர்ந்த மொத்தப் பயனுறுதிறன் 30 விழுக்காடு என்றால், மின்கம்பியிலிருந்து இழுக்கும் திறன் ஏறத்தாழ 6,530 வாட். பயனுறுதிறனை 50 விழுக்காடாக உயர்த்தினால் 3,920 வாட் போதும். மிச்சம் ஏறத்தாழ 2,610 வாட். ஆண்டுக்கு 1,200 மணி நேரம் ஓடினால் 3,100 யூனிட்டுக்கு மேல் சேமிப்பு.

இந்த மிச்சத்துக்கு எப்போதும் விலையுயர்ந்த எந்திரம் தேவை என்பதுமில்லை. குஜராத்தில் எஸ்.எம். பட்டேல் என்ற ஆய்வாளர், உராய்வு மிகுந்த ஃபுட் வால்வையும் துருப்பிடித்த இரும்புக் குழாயையும் எடுத்துவிட்டு, நல்ல வால்வையும் வழுவழுப்பான பி.வி.சி. குழாயையும் பொருத்தினாலே மின்செலவு கணிசமாகக் குறையும் என்று நூற்றுக்கணக்கான பம்புகளில் காட்டினார். 1980-களில் ஊரக மின்மயக் கழகத்தின் நிதியுதவியோடு இத்தகைய சீரமைப்புப் பணிகள் பல மாநிலங்களில் நடந்தன.

அப்படியானால் ஒப்பந்தக்காரர் இந்த 3,100 யூனிட்டை நம்பிப் பணம் போடலாமா? இங்கேதான் இயற்பியல் முடிந்து மனிதர் கதை தொடங்குகிறது. புதிய பம்பு வந்ததும் விவசாயி என்ன செய்வார்? மும்முனை மின்சாரம் இருக்கும் நேரம் குறைவு. அந்த நேரத்துக்குள் நிறையத் தண்ணீர் வேண்டும். ஆகவே அதே 6,530 வாட் இழுக்கும் புதிய பம்பை அவர் விரும்புவார். 50 விழுக்காடு பயனுறுதிறனில் அது வினாடிக்கு 16 லிட்டருக்கு மேல் இறைக்கும். பயிருக்கு நல்லது, மின்சேமிப்போ பூஜ்யம். கிணற்று நீர்மட்டமும் விரைவில் இறங்கும். மட்டம் இறங்கினால் ஏற்ற வேண்டிய உயரம் கூடும். உயரம் கூடினால் மின்செலவும் கூடும்.

ஒப்பந்தக்காரர் தம் வேலையைச் செவ்வனே செய்திருக்கிறார். ஆனாலும் வாக்களித்த சேமிப்பு வரவில்லை. செலவான மின்சாரத்தை அளக்க மீட்டர் உண்டு. சேமித்த மின்சாரத்தை அளக்க மீட்டர் கிடையாது. "இது இல்லாவிட்டால் எவ்வளவு ஆகியிருக்கும்" என்ற கற்பனை அளவிலிருந்து உண்மை அளவைக் கழித்தே அதைப் பெற வேண்டும். கார்ன்வாலின் பழைய எந்திரக் கேள்வி நம் வரப்பிலும் நிற்கிறது.

எல்லையின் இருபுறமும்

நம் பம்புகளில் பெரும்பாலானவற்றுக்குச் செலவை அளக்கும் மீட்டர்கூட இல்லை என்பது அடுத்த செய்தி. தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் வரை திருத்தணியும் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. இன்று எல்லைக்கு அப்பால் உள்ள நகரி, புத்தூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு 2004-இல் இலவச மின்சாரம் வந்தது. எல்லைக்கோடு எங்கே ஓடினாலும் இருபுறமும் பம்புக்கு மின்கட்டணம் இல்லை.

இலவச மின்சாரத்துக்குச் சமூகக் காரணங்கள் உண்டு. அது சரியா, தவறா என்பதன்று நம் ஆராய்ச்சி. அதன் விளைவை மட்டும் பார்ப்போம். 3,100 யூனிட் மிச்சமானால் விவசாயியின் பையில் ஒரு காசும் கூடாது. ஆதாயம் மின்வாரியத்துக்கும் அதற்கு மானியம் தரும் அரசுக்குமே. விவசாயிக்கு வேண்டியது, மின்னழுத்தம் குறைந்தாலும் காயில் புகையாத மோட்டார். பயனுறுதிறன் அவருடைய கவலையன்று. ஒப்பந்தக்காரர் தம் பொருளை விற்க வேண்டியது ஒருவரிடம். சேமிப்பில் பங்கு கேட்க வேண்டியது வேறொருவரிடம்.

தறிக்கும் இது பொருந்தும். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு வட்டாரங்களில் விசைத்தறிச் சத்தத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் 2006-இல் இலவசமாக்கப்பட்டது. அது 2016-இல் 750 ஆகவும், 2023-இல் 1,000 ஆகவும் உயர்ந்தது. அந்த வரம்புக்குள் ஓடும் தறிக்காரரிடம் சென்று, சிக்கன மோட்டார் பொருத்தினால் மாதம் இவ்வளவு மிச்சம் என்று யார் சொல்ல முடியும்?

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு முயற்சி நடந்தது. 2001-ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டப்படி 2002 மார்ச்சில் மைய அரசின் ஆற்றல் திறன் செயலகம் அமைந்தது. அது விவசாயப் பம்புகளுக்கு ஒரு திட்டம் வகுத்தது. விவசாயியிடம் பணம் கேட்காமல் பம்பை மாற்றுவது. சேமிப்பில் ஒரு பங்கை மின் நிறுவனமே ஒப்பந்தக்காரருக்குத் தருவது. முதல் முன்னோடித் திட்டத்துக்கு மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் மங்கள்வேடா பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது. சேமிப்பால் ஆதாயம் பெறுபவரே கூலி தருவது என்பதால் கருத்து நேர்மையானது. ஆனால் கூலி தர வேண்டிய மின் நிறுவனங்களே கடனில் தத்தளித்தன. அவற்றை மீட்க 2015-இல் மைய அரசு 'உதய்' என்ற திட்டத்தையே கொண்டுவர வேண்டியிருந்தது. தமிழ்நாடு அதில் 2017 ஜனவரியில் சேர்ந்தது. கடன் வாங்கிப் பம்பு பொருத்திவிட்டு, கடனில் இருப்பவரிடம் பல ஆண்டுகள் தவணை வாங்குவது எளிதா? நீங்கள் ஒப்பந்தக்காரராக இருந்தால் என்ன செய்வீர்கள்?

பதினைந்து ரூபாய் விளக்கு

இன்னும் தெளிவான பாடம் ஒன்று உண்டு. 2009 பிப்ரவரியில் 'பசத் விளக்குத் திட்டம்' தொடங்கியது. பசத் என்றால் இந்தியில் சேமிப்பு. வீட்டிலுள்ள குண்டு பல்பைக் கொடுத்தால் 15 ரூபாய்க்கு ஒரு சி.எஃப்.எல். விளக்குக் கிடைக்கும். கடையில் அதன் விலை நூறு ரூபாயை ஒட்டி இருந்த காலம் அது. 60 வாட் பல்பின் வெளிச்சத்தை அது 15 வாட்டுக்குள்ளேயே தந்துவிடும். நாட்டில் இருந்த சுமார் 40 கோடிக் குண்டு பல்புகளை மாற்றுவதே நோக்கம்.

விலையின் மிச்சப் பகுதியை யார் தருவது? அரசு தரவில்லை. விளக்கை வழங்கும் தனியார் முதலீட்டாளர் முதலில் தம் பணத்தைப் போட வேண்டும். கியோட்டோ உடன்படிக்கையின்படி, மின்சாரம் மிச்சமானதால் குறைந்த கரியமில வாயுவுக்குச் சான்றிதழ் கிடைக்கும். அதை வெளிநாட்டுச் சந்தையில் விற்று அவர் ஈடுகட்டிக்கொள்ள வேண்டும்.

அவர் தலையில் ஏறிய பொறுப்புகளை எண்ணிப் பாருங்கள். வீடு வீடாக விளக்கு வழங்க வேண்டும். வாங்கிய குண்டு பல்புகளைச் சேர்த்து வைத்து, கணக்குக் காட்டி அழிக்க வேண்டும். உரிய ஆயுளுக்கு முன்பே கெட்ட விளக்குகளை இலவசமாக மாற்றித் தர வேண்டும். இதன் பிறகு சான்றிதழ் வர வேண்டும். அது வந்த பிறகு சந்தையில் விலை இருக்க வேண்டும்.

விலை இருக்கவில்லை. 2008-இல் 20 யூரோவுக்கு மேலும் விற்ற ஒரு டன் சான்றிதழ், 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. விளக்கில் குறையில்லை, மக்களிடமும் குறையில்லை. எங்கோ ஐரோப்பியச் சந்தையில் விழுந்த விலை நம் ஊர் விளக்குத் திட்டத்தை அணைத்துவிட்டது. 40 கோடி என்ற நோக்கத்தில் ஏறத்தாழ மூன்று கோடி விளக்குகளே மாற்றப்பட்டன.

வட்டி தின்ற இலாபம்

சூரிய ஆற்றல் துறையிலும் இதே வரலாறுதான். 2010 ஜனவரியில் தொடங்கிய தேசிய சூரிய ஆற்றல் இயக்கத்தின்கீழ் சூரிய வெந்நீர்க் கலங்களுக்கு 30 விழுக்காடு மானியம் இருந்தது. வாடிக்கையாளரிடம் மானியம் போக மிச்சத்தை வாங்கிக்கொண்டு, மானியத் தொகைக்கு விற்பனையாளர் காத்திருக்கும் முறை இதில் பரவலாக இருந்தது. 2014-இல் அந்த மானியம் நிறுத்தப்பட்டது.

காத்திருப்பது என்றால் என்ன என்று ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு சிறு ஒப்பந்தக்காரர் ஆளுக்கு 50,000 ரூபாய் வீதம் பத்துப் பேருக்கு வேலை செய்கிறார் என்று கொள்வோம். பாதி மானியம். வேலை ஒன்றுக்கு அவருடைய இலாபம் 3,000 ரூபாய், பத்துக்கும் 30,000. வர வேண்டிய மானியம் இரண்டரை லட்சம். அந்தத் தொகையை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாத வட்டி 5,000. மானியம் வர ஆறு மாதம் ஆனால் வட்டி 30,000. இலாபம் முழுவதும் வட்டிக்கே சரியாகிவிட்டது. ஏழாம் மாதத்திலிருந்து அவர் கைப்பணம் கரைகிறது. ரொக்கத்துக்குச் செய்த பக்கத்துக் கடைக்காரரோ அதே ஆறு மாதத்தில் முதலை மூன்று முறை புரட்டியிருப்பார்.

வட்டிக்கு அப்பாலும் சில உண்டு. படிவம் நிரப்ப ஆள் வேண்டும். ஒப்புதல் பெற்ற பட்டியலில் உள்ள பொருளைத்தான் பொருத்த வேண்டும். அதிகாரி வந்து பார்க்கும்வரை வேலை முடிந்ததாகாது. திட்டம் வரப்போகிறது என்ற செய்தி வந்தாலே, வாங்க இருந்தவர்களும் "மானியம் வரட்டும்" என்று தள்ளிப்போடுவார்கள். வந்த திட்டம் திடீரென நின்றால், அதை நம்பிச் சேர்த்த ஆட்களுக்கு வேலை இராது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்க மின் நிறுவனங்கள் இத்தகைய தள்ளுபடித் திட்டங்களைப் பெருமளவில் நடத்தின. அங்கும் ஒப்பந்தக்காரர்களின் முறையீடு இவைதாம்: தாமதம், காகித வேலை, நிலையின்மை.

தயக்கம் தீர்ந்த இடங்கள்

எங்கெல்லாம் இந்தச் சுமை ஒப்பந்தக்காரர் தோளிலிருந்து இறங்கியதோ, அங்கெல்லாம் வேலை நடந்தது. 2009-இல் நான்கு பொதுத்துறை மின் நிறுவனங்கள் கூடி ஆற்றல் திறன் சேவை நிறுவனத்தை அமைத்தன. அது எல்.இ.டி. பல்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. புதுச்சேரியில்தான் இம்முறை முதலில் 2014-இல் நடைமுறைக்கு வந்தது. 2015 ஜனவரி 5-ஆம் நாள் நாடெங்கும் விரிந்து, பின்பு 'உஜாலா' என்ற பெயரைப் பெற்றது. 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வழங்கப்பட்டன. வெற்றியின் காரணம் எளிது. பல்பு செய்தவருக்குப் பல்பின் விலை கிடைத்தது. சேமிப்பு வருமா, எப்போது வரும் என்ற ஐயத்தை அந்தப் பெரிய நிறுவனம் தன் தலையில் ஏற்றுக்கொண்டது.

கூரைச் சூரிய மின்சாரத்தில் 2022-இல் தேசிய இணையவாயில் வந்தபின், மானியம் நேரே வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்குச் செல்லும் முறை வந்தது. ஒப்பந்தக்காரர் தம் முழு விலையையும் வீட்டுக்காரரிடமே பெறலாம். ஆனால் காத்திருக்கும் சுமை மறையவில்லை, இடம்தான் மாறியது. முழுத்தொகையை முன்னால் தர இயலாத வீட்டுக்காரருக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைத்தாலன்றி, திட்டம் வசதியுள்ளவர்களோடு நின்றுவிடும்.

அளக்கும் சிக்கலுக்கும் கார்ன்வாலே விடை காட்டியது. 1811-இலிருந்து லீன் என்பவர் மாதந்தோறும் ஓர் அறிக்கை வெளியிட்டார். எந்தச் சுரங்கத்தின் எந்திரம் ஒரு மரக்கால் கணக்கான கரியில் எவ்வளவு நீரை எவ்வளவு உயரம் ஏற்றியது என்பதை எல்லோரும் அதில் படிக்கலாம். அளப்பவர் விற்பவருமல்லர், வாங்குபவருமல்லர். பூட்டிய பெட்டியால் வராத நம்பிக்கை திறந்த அறிக்கையால் வந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் கார்ன்வால் எந்திரங்களின் செயல்திறன் பன்மடங்கு உயர்ந்தது.

ஆகவே, ஊர் மெக்கானிக்கைக் குறை கூறுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பணம் எத்தனை நாளில் கைக்கு வரும்? சேமிப்பை யார் அளப்பார்? தம் கைக்கு அப்பாற்பட்ட காரணத்தால் சேமிப்பு குறைந்தால் இழப்பு யாருக்கு? மூன்றுக்கும் நேரான விடை கிடைக்காத வரை அவர் தயங்குவது அறிவுடைமையே.

மாணவர்களுக்கு ஒரு சோதனை

அளக்கும் வேலையை நீங்களே தொடங்கலாம். தேவையானவை 200 லிட்டர் பீப்பாய், கைக்கடிகாரம், கல் கட்டிய கயிறு, மின்பணியாளரிடம் உள்ள டாங் டெஸ்டர். திறந்த கிணறாகத் தேர்ந்தெடுங்கள். மோட்டார் ஓடும்போது நீர்மட்டத்திலிருந்து குழாய்வாய் வரை உள்ள உயரத்தைக் கயிற்றால் அளந்துகொள்ளுங்கள். பீப்பாய் நிரம்ப எத்தனை வினாடி என்று குறியுங்கள். 20 வினாடி என்றால் வினாடிக்கு 10 லிட்டர். மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் பயிற்சி பெற்ற மின்பணியாளரே அளக்கட்டும். நீங்கள் கம்பியைத் தொட வேண்டாம்.

மும்முனை மோட்டார் இழுக்கும் திறன் = 1.73 × மின்னழுத்தம் × மின்னோட்டம் × திறன் காரணி. 400 வோல்ட், 10 ஆம்பியர், திறன் காரணி 0.8 என்றால் ஏறத்தாழ 5,540 வாட். உயரம் 20 மீட்டரானால் பயன்பட்டது 1,960 வாட். பயனுறுதிறன் 35 விழுக்காடு.

இப்படி உங்கள் ஊரில் பத்துக் கிணறுகளை அளந்து, முடிவுகளைப் பள்ளிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த மானியத் திட்டம் வரும்போது, "பழைய பம்பு எவ்வளவு தின்றது?" என்ற கேள்விக்கு உங்கள் ஊரில் மட்டுமாவது விடை தயாராக இருக்கும்.